செவலைக் கன்று வெளுத்த கதை

சில மாதங்களுக்கு முன்பு, நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ஓர் இளைஞர் காங்கேயம் கன்று ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கன்று நன்றாக மேய்கிறது, துள்ளுகிறது. அவர் முகம்தான் வாடியிருந்தது. "செவலைக் கன்று என்று ஆசைப்பட்டு வாங்கினேன், டாக்டர். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறது. சாயம் பூசி விற்றுவிட்டார்களா?"

யாரும் பூசவில்லை. காங்கேயம் கன்றுகள் பெரும்பாலும் சிவப்பாகத்தான் பிறக்கின்றன. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்த முடி உதிர்ந்து சாம்பல் நிறம் ஏறத் தொடங்கும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னுடலும் பின்தொடைகளும் கருக்கும். காயடித்த எருது சாம்பலாகவே இருக்கும். ஆண் சுரப்பு செய்யும் வேலை இது. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டை அழைக்கும் பகுதி கொங்குநாடு. கடைசிவரை செவலையாகவே இருக்கும் மாடுகளும் உண்டு. ஆனால் பால்குடிக் கன்றின் நிறத்தை மட்டும் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. இதையெல்லாம் சொன்னதும் அந்த இளைஞர் கன்றின் கழுத்தைத் தடவிச் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நிறம் மாறுவதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் ஏராளம். சயாமீஸ் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்து அனுப்பினால், சில வாரங்கள் கழித்து, "முடி எடுத்த இடம் கருகிவிட்டது" என்று தொலைபேசி வரும். உண்மையில் அங்கே நடப்பது மிக அழகான ஒரு விஷயம். அந்த இனத்தில் கருநிறத்தை உண்டாக்கும் நொதி உடல் சூட்டில் சரியாக வேலை செய்யாது. குளிர்ச்சியான இடத்தில் மட்டுமே செய்யும். அதனால்தான் காது, முகம், பாதம், வால் ஆகியவை கருப்பாகவும் நடு உடல் வெளிறியும் இருக்கின்றன. தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே கதகதப்பு என்பதால் குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கின்றன. முடியைச் சிரைத்த இடம் குளிர்ந்துபோவதால் அங்கே முளைக்கும் புது முடி கருப்பாக வருகிறது. அடுத்த முறை முடி கொட்டி முளைக்கும்போது பழைய நிறம் திரும்பிவிடும். முடி மட்டும் கறுத்தால் கவலை வேண்டாம். தோல் கறுத்து, வீங்கி, நீர் கசிந்தால் அன்றே கொண்டுவாருங்கள்.

கருப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்த பூனைக்குச் சிறுவர்கள் ஆண் பெயர் வைத்துக் கொண்டுவருவதும் வழக்கம். அது பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். செம்மஞ்சளுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; கருப்பும் செம்மஞ்சளும் ஓர் உடலில் சேர இரண்டு எக்ஸ் வேண்டும்; அது வழக்கமாகப் பெண்ணுக்குத்தான் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் உறங்கிவிடும். எது உறங்கும் என்பது தற்செயல். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் முதல் குளோனிங் பூனை பிறந்தது. எந்தப் பூனையின் செல்லிலிருந்து அதை நகலெடுத்தார்களோ, அது மூவண்ணப் பூனை. பிறந்த குட்டியிடமோ செம்மஞ்சள் துளியும் இல்லை. மரபணு ஒன்றாக இருந்தும் உடுப்பு வேறாகிவிட்டது!

ரசித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாத நிறங்களும் உண்டு. தூய வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகளில் பாதிக்கு மேல் காது கேளாதவை. நம் ராஜபாளையம் நாயிலும், டால்மேஷியனிலும் பிறவிச் செவிடு காணப்படுகிறது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் பிழைப்பதில்லை என்பதே காரணம். குட்டி வாங்கும்போது அது தூங்கும் நேரத்தில், காற்றும் அதிர்வும் அதன்மேல் படாதபடி தள்ளி நின்று கையைத் தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். செவிட்டு நாய் "சொல் பேச்சுக் கேட்கவில்லை" என்று அடிவாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கைச்சைகையால் அதை அருமையாகப் பழக்கலாம். தெருவில் மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.

எருமையின் கருப்பு பழுப்பேறி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெளுத்தால், தாமிரச் சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம். ஆனால் அதே கலவையைப் பட்டியில் உள்ள செம்மறியாடுகளுக்குப் பங்கு வைக்காதீர்கள். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் மிஞ்சினாலும் நஞ்சு, உயிரே போகும்.

எல்லாவற்றையும்விட நான் பார்க்கச் சொல்லும் நிறம் நாயின் ஈறு. நலமாக இருக்கும்போதே உதட்டைத் தூக்கிப் பார்த்து அந்த இளஞ்சிவப்பைப் பழகிக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் அது வெளுக்கும், எலிக்காய்ச்சலில் மஞ்சளாகலாம், நீலம் பாய்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. கருப்பு ஈறுள்ள நாயாக இருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள்.