சிம்னியில் புகை தெரியாவிட்டாலும்

மும்பை செம்பூரில் நெஞ்சக மருத்துவம் பார்க்கிறேன். டிசம்பர் பிறந்ததும் இளைப்போடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். மாஹுல் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர், "அனல் மின் நிலையச் சிம்னியில் புகையே தெரிவதில்லையே, டாக்டர்" என்பார்கள். கண்ணில் படும் புகை பெரும்பாலும் சாம்பல். அதை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவி, எடைக் கணக்கில் 99 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் சிக்காது. அவை காற்றில் மாற்றமடைந்து, அமோனியாவோடு சேர்ந்து, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாகின்றன. இருமலைத் தூண்டாமலேயே காற்றுப்பைகள் வரை போகும் துகள்கள் இவை. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தையும் கூட்டுகின்றன.

மாஹுலை ஒட்டிய டிராம்பேயில் டாடா பவர் நடத்தும் நிலையத்தில் நிலக்கரி அலகுகள் இரண்டு: 500 மெகாவாட், 250 மெகாவாட். கந்தகத்தைக் கடல்நீரால் கழுவும் அமைப்பு இங்கே 1980களிலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. நாட்டின் பெரும்பாலான நிலையங்களில் இன்றும் அத்தகைய அமைப்பு இல்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு, டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலக்களித்தது. கந்தகம் துகளாக மாற மணிக்கணக்கிலிருந்து நாட்கணக்காகும். அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். மருத்துவராக இந்த விலக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருவருடைய மூச்சுத்திணறலுக்கு இந்தச் சிம்னிதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, லாரிகள், கட்டுமானத் தூசி. அதனால்தான் வீட்டு முகவரியையும் வேலையிடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்கிறேன்.

குளிர்கால இரவுகளில் தரையோரக் காற்று மேலெழாமல் தேங்கிவிடுகிறது. வெயில் ஏறும்போது உயரத்தில் நின்ற புகையும் கீழே கலக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் அதிகாலை நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். துணி முகக்கவசம் இந்தத் துகளைத் தடுக்காது. என்95 வகைக் கவசம் முகத்தோடு ஒட்டி இருந்தால் பெருமளவு தடுக்கும். தடுப்பு இன்ஹேலரை, மூச்சு சீரானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிவாரண இன்ஹேலர் எடுத்தும் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு வந்துவிடுங்கள்.