குறைந்த பணத்தில் வனவிலங்குப் பாதுகாப்பு: வாங்கும் முன் யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள்

நிதி கைக்கு வந்ததும் சிறிய அமைப்புகள் முதலில் செய்வது கருவி வாங்குவதுதான். தானியங்கிக் கேமரா, ட்ரோன், ஒரு ஜீப். ரசீது இருக்கும், நிதி கொடுத்தவர் வந்தால் எடுத்துக் காட்டலாம். ஆனால் பேட்டரி, எரிபொருள், பழுது, குவிந்து கிடக்கும் படங்களை உட்கார்ந்து பிரிக்கும் ஆள் என்று வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் காசில்லை.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம்: என்ன தேவை, அது ஏற்கெனவே யாரிடம் இருக்கிறது, கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அதற்குப் பெயர் கூட்டு இல்லை, உதவி. உதவி ஒருமுறை கிடைக்கும், மறுமுறை கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

நிலத்துக்கே இது பொருந்தும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு வழியாக வலசை போகும் கரைப்பறவைகளுக்கு ஆழமில்லாத நீர் வேண்டும். சில அங்குலத் தண்ணீர் போதும்; அதற்கு மேல் போனால் குட்டைக்கால் பறவைகளால் நிற்க முடியாது, இரை தேடவும் முடியாது. அவை அங்கே தங்குவதோ சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்காக நிலத்தையும் நீர் உரிமையையும் விலைக்கு வாங்கினால் எந்த அமைப்புக்கும் கட்டுப்படியாகாது. 2014-இல் 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய 'பேர்ட்ரிட்டர்ன்ஸ்' திட்டம் வேறு வழியில் போனது. அறுவடை முடிந்த நெல்வயலில் குறிப்பிட்ட வாரங்களுக்குத் தண்ணீர் நிறுத்த எவ்வளவு வேண்டும் என்று விவசாயிகளையே விலை குறிக்கச் சொன்னார்கள். விலை குறைவாகவும் வயல் பறவைகளுக்கு ஏற்றதாகவும் இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பகுதியில், எந்த வாரத்தில் என்பதற்கு, பறவை ஆர்வலர்கள் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'ஈபேர்ட்' தளத்தில் பதிந்த லட்சக்கணக்கான குறிப்புகள் உதவின. வயலும் வரப்பும் விவசாயியிடம் இருந்தன, தகவல் ஆர்வலர்களிடம் இருந்தது. அமைப்பு கொண்டுவந்தது சில வார வாடகை மட்டும். முதல் பருவத்திலேயே சுமார் 10,000 ஏக்கர் நீர்ப்பரப்பு கிடைத்தது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. வறட்சி ஆண்டில் தண்ணீரே இராது, இருந்தாலும் விலை ஏறிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே எல்லைக்குள் வாழும் வேட்டை விலங்குக்கோ, முதிர்ந்த மரப் பொந்தில் கூடு வைக்கும் பறவைக்கோ வாடகை நிலம் பயன்படாது. வழிப்போக்கர்களுக்கு மட்டும் இது சரி.

எதிரியாகப் பார்க்கப்படுபவர்தான் பல நேரங்களில் மலிவான கூட்டாளி. ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான கொக்கிகள் கட்டிய மீன்பிடிக் கருவியை, எடுத்துக்கொள்வோம். கப்பலின் பின்பக்கத்திலிருந்து இறங்கும் இரை கோத்த கொக்கிகள் மூழ்குவதற்குள் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகள் பாய்ந்து கொத்துகின்றன. கொக்கி மாட்டி, கயிற்றோடு உள்ளே இழுக்கப்பட்டுச் சாகின்றன. ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை இது, இந்த இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது. தீர்வு ஒரு கயிறு: பின்பக்கத்தில் உயரமான கம்பத்தில் கட்டி, பளிச்சென்ற நிறத்தில் தோரணம்போல் பட்டைகளைத் தொங்கவிட்டு, கொக்கிகள் இறங்கும் இடத்துக்கு மேலே பறக்கவிட வேண்டும்.

எளிதாகத் தெரியும் இந்தக் கயிறு கோளாறாகும் இடங்கள் பல. பெரிய கப்பலில் கட்டும் இடம் கடல்மட்டத்திலிருந்து 7, 8 மீட்டராவது உயர வேண்டும். தாழ்வாகக் கட்டினால் கயிறு பக்கத்திலேயே நீரில் விழுந்து, அதற்கப்பால் உள்ள கொக்கிகள் காவலின்றிக் கிடக்கும். பட்டைகளுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் விட்டால் பறவை நடுவில் நுழைந்துவிடும். பக்கக் காற்றில் பட்டைகள் தூண்டிலை விட்டு விலகும், ஆகவே காற்று வரும் பக்கமாகக் கட்ட வேண்டும். கயிறு விறைப்பாக நிற்க நுனியில், நீரில் இழுபட்டு வரும் ஒரு பொருள் தேவை. அதுவே தூண்டிலோடு சிக்கிக்கொண்டால் மாலுமிகள் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதனால்தான் கடற்பறவைச் சாவைக் குறைக்க 2006-இல் தொடங்கிய 'ஆல்பட்ராஸ் டாஸ்க் ஃபோர்ஸ்' குழுவின் பயிற்றுநர்கள் துண்டறிக்கை கொடுப்பதோடு நில்லாமல் கப்பலிலேயே ஏறிப்போனார்கள். நமீபியாவில் வால்விஸ் பே துறைமுக நகரின் பெண்கள் குழு ஒன்று இந்தக் கயிறுகளைச் செய்து கொடுத்தது. 2015-இல் கயிறு கட்டாயமானது. ஆயிரங்கால் தூண்டிலில் கடற்பறவைச் சாவு சுமார் 98 சதவீதம் குறைந்தது. கப்பல்காரருக்கும் ஆதாயம் உண்டு: பறவை தின்ற இரையில் மீன் விழாது.

கேமராவுக்கு வருவோம். பல்கலைக்கழக ஆய்வு முடிந்த பிறகு அலமாரியில் தூங்கும் கேமராக்கள் எல்லா இடத்திலும் உண்டு. படங்களைப் பகிர்வதாகச் சொன்னால் இரவல் கிடைக்கும். நாலு இடத்திலிருந்து வாங்கிய கேமராவில் பெரிய தலைவலி கடிகாரம். சில மாடல்களில் பேட்டரி மாற்றினால் தேதி பழைய நிலைக்குப் போய்விடும். தேதி தவறிய படம் எந்த ஒப்பீட்டுக்கும் உதவாது. பொருத்தும்போதும் கழற்றும்போதும் அன்றைய தேதி, நேரம் எழுதிய அட்டையை லென்ஸ் முன் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம். நடுத்தர விலங்குகளுக்கு முழங்கால் உயரம். காலை, மாலை வெயில் நேராக விழும் திசை வேண்டாம். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் கார்டு முழுக்கக் காற்றில் ஆடும் புல்தான் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் 'மெகாடிடெக்டர்' மென்பொருள் வெற்றுப் படங்களை ஒதுக்கித் தரும். விலங்கா, மனிதரா, வண்டியா என்பதோடு அது நின்றுவிடும், இனத்தைச் சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும்.

கருவியே இல்லாமலும் கண்காணிக்கலாம். நமீபியாவின் சமூக வனக்காப்பகங்களில் 'ஈவன்ட் புக்' என்ற காகிதப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. எதைக் கண்காணிப்பது என்பதை அங்குள்ள மக்களே முடிவு செய்கிறார்கள், மூலப் பதிவேடு அவர்களிடமே இருக்கும், வெளியார் எடுத்துப்போவது நகல் மட்டும். படித்ததும் நிலைமை தெரிவதால் எழுதுவது நின்றுபோவதில்லை. தகவலைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டு பதிலே வராத திட்டங்களில் பதிவேடு சீக்கிரமே வெறுமையாகிவிடும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், ஆனால் சங்கடமான கேள்விகள் அதில் இருக்க வேண்டும். இரவல் கேமரா திருடு போனால் யார் பொறுப்பு? தகவல் யாருடையது, அறிக்கையில் யார் பெயர் வரும்? கேமராவில் விழும் மனிதர்களின் படங்களை யார், எப்போது அழிப்பது? அரிய இனங்கள் இருக்கும் துல்லிய இடத்தை யாரெல்லாம் பார்க்கலாம்? வேட்டைக்காரருக்கும் இணையம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் விலகினால் எத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், கருவியும் பதிவும் யாரிடம் போகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வேட்டைத் தடுப்புக் காவலர் சம்பளத்தை மட்டும் கூட்டாளியின் ஓராண்டு நிதியில் ஏற்றாதீர்கள். அது சொந்த வரவு செலவில், முதல் வரியில் இருக்க வேண்டும்.