நிலாவுல தண்ணி ஓடலைன்னா அந்தப் பள்ளத்த தோண்டுனது யாரு?

போன வாரம் ஒரு தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், சின்ன டெலஸ்கோப் கண்ணாடி மேல செல்போன வச்சு மொட்டை மாடில இருந்து எடுத்தது. பௌர்ணமிக்கு ரெண்டு மூணு நாள் முந்தின நிலா, அதுல ஓரமா பளீர்னு ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்துலயே புழு நெளிஞ்ச மாதிரி ஒரு கோடு. "அண்ணே, நிலாவுல ஆறே கிடையாதுன்னு படிச்சோம், அப்புறம் இது என்ன?"ன்னு கேட்டிருந்தான். அந்த வெள்ளைப் புள்ளி அரிஸ்டார்கஸ் பள்ளம், அந்தப் புழு ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு. நிலாவுல இந்த மாதிரி நெளிஞ்சு போற பள்ளங்கள்லயே பெருசு அதுதான், சுமார் 160 கிலோமீட்டர் நீளம். ஆரம்பிக்கிற எடத்துல நாகப்பாம்பு படம் எடுத்த மாதிரி விரிஞ்சிருக்கும், ஆராய்ச்சியாளர்களும் அந்த எடத்த கோப்ரா ஹெட்னுதான் சொல்றாங்க.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். வட்ட வட்டமா இருக்கிறதெல்லாம் விண்கல் விழுந்த குழி. கறுப்பா திட்டுத் திட்டா தெரியுறது எரிமலைக் குழம்பு பரவி இறுகிப்போன பசால்ட் பாறை, பழைய ஆளுங்க அத கடல்னு நெனச்சு கடல்னே பேரும் வச்சுட்டாங்க. ரூலர் வச்சு இழுத்த மாதிரி நேரா போற பள்ளமும் உண்டு, அரியாடேயஸ்னு ஒண்ணு 300 கிலோமீட்டர் போகுது, அது தரை ரெண்டு பக்கமும் இழுபட்டு நடுவுல இருந்த துண்டு கீழ எறங்குனதால வந்தது. இதெல்லாம் புரிஞ்சுக்க பெருசா கஷ்டம் இல்ல. நெளிஞ்சு நெளிஞ்சு போற பள்ளம்தான் ரொம்ப நாள் எல்லாரையும் குழப்புச்சு. ஆராய்ச்சில அதுக்கு ரில்னு பேரு, நிலாவுல அப்படி 200 கிட்ட இருக்கு.

ஆறு மாதிரி இருந்தா ஆறுன்னுதானே தோணும்? 1960கள்ல சில விஞ்ஞானிகள் அப்படித்தான் நெனச்சாங்க, நோபல் பரிசு வாங்குன ஹெரால்ட் யூரியே நிலாவுல ஒரு காலத்துல தண்ணி இருந்திருக்கலாம்னு சொன்னவர். போய்ப் பாத்துடலாம்னு 1971 ஜூலைல அப்போலோ 15 ஹேட்லி ரில் பக்கத்துல எறங்குச்சு. 100 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழம், அந்த ஓரம் வரைக்கும் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ரோவர் ஓட்டிட்டுப் போனாங்க. எதிர்க்கரைய 500 எம்எம் லென்ஸ்ல படம் புடிச்சா சுவர்ல பாறை அடுக்கடுக்கா தெரியுது, ஒரு தடவ இல்ல, குழம்பு திரும்பத் திரும்ப வந்து ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சிருக்கு. ஒரு நாள் திரும்பி வர்றப்ப வழில நிறுத்தாம வரணும்னு உத்தரவு, ஆனா ஸ்காட் கண்ணுல துளை துளையா ஒரு கறுப்புக் கல்லு பட்டுடுச்சு, சீட் பெல்ட் மாட்டணும்னு சொல்லி வண்டிய நிறுத்திட்டார், அவர் எறங்கி கல்ல எடுக்குற வரைக்கும் இர்வின் பூமிக்கு சுத்தி இருக்குற பள்ளங்கள வர்ணிச்சுக்கிட்டே இருந்தார். இன்னைக்கும் அந்தக் கல்லுக்கு சீட் பெல்ட் பசால்ட்னுதான் பேரு. அந்தத் துளையெல்லாம் குழம்புக்குள்ள இருந்த வாயுக் குமிழி. அங்கேருந்து வந்த பசால்ட்டோட வயசு சுமார் 330 கோடி வருஷம், எதுலயும் ஆறு ஓடுன தடயம் இல்ல. ஓடுனது எரிமலைக் குழம்புதான்.

சரி, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இங்கதான் ஆரம்பிக்குது. குழம்பு ஓடும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எப்படிங்க கெட்டிப் பாறைய 300 மீட்டர் தோண்டும்? தண்ணிய மாதிரி மணலையும் கூழாங்கல்லையும் உருட்டிட்டுப் போய் ஆயிரக்கணக்கான வருஷம் அரிச்சுச்சா?

ஒரு காட்சிய நெனச்சுப் பாருங்க. மார்கழி மாசம் தேங்காய் எண்ணெய் உறைஞ்சு வெள்ளையா கட்டியா இருக்கும்ல, அத ஒரு தட்டுல பரப்பி லேசா சாய்ச்சு வச்சுட்டு மேல் ஓரத்துல சூடான தேங்காய் எண்ணெய கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா என்ன ஆகும்? சூடான எண்ணெய் உறைஞ்ச எண்ணெய உருக்கும், உருகுனது அதோடவே சேந்து ஓடும், ஓட ஓட ஒரு வாய்க்கா விழும். ஊத்துற எடத்துல ஆழமா அகலமா இருக்கும், கீழ போகப் போக எண்ணெய் ஆறிடும், உருக்குற தெம்பு கொறஞ்சிடும், வாய்க்கா சின்னதாகி ஒரு எடத்துல காணாமப் போயிடும். ரில்லும் அப்படியேதான்! தொடங்குற எடத்துல பெருசு, போகப் போக குறுகி ஆழம் கொறஞ்சு சமவெளில கரைஞ்சிடும். நம்ம ஆறுக்கு இது தலைகீழ், காவிரி குடகுல சின்னதா பொறந்து பவானி, நொய்யல், அமராவதின்னு வழில எல்லாத்தையும் சேத்துக்கிட்டு பெருசாகி கடைசில மண்ணெல்லாம் கொட்டி டெல்டா போடுது. ரில்லுக்கு துணை ஆறும் கிடையாது, டெல்டாவும் கிடையாது, தோண்டுன பாறை உருகி குழம்போட குழம்பாவே கலந்து போயிடுச்சு.

ஆனா சூடு மட்டும் போதாது. பாறை உருக ஆரம்பிக்க சுமார் 1100 டிகிரி வேணும், குழம்பு வெளில வர்றப்ப 1200 சொச்சம் இருக்கும், கையில இருக்குற உபரிச் சூடே ஒரு 100 டிகிரிதான். குழம்பு அமைதியா ஓடுனா அடியில தரையத் தொடுற அடுக்கு ஆறி கெட்டியாகி பாய் விரிச்ச மாதிரி தரையக் காப்பாத்திடும், மேல இருக்குற சூடு கீழ எறங்கவே எறங்காது. இது உங்க கைக்கே தெரியும், சூடான தண்ணி இருக்குற பக்கெட்ல கைய விட்டு அசைக்காம வச்சிருந்தா பொறுத்துக்கலாம், லேசா அசைச்சுப் பாருங்க, சுரீர்னு சுடும், ஏன்னா தோல ஒட்டி லேசா ஆறியிருந்த தண்ணி வெலகி புது சூட்டுத் தண்ணி வந்து படுது. தரைய உருக்கணும்னா குழம்பும் அப்படித்தான் கலங்கிப் பொரண்டு ஓடணும், ஒவ்வொரு நொடியும் புதுச் சூடு அடில போய் மோதணும்.

கலங்கி ஓடணும்னா தண்ணியா இருக்கணும், பாகு மாதிரி இருந்தா வேலைக்காகாது. நிலாக் குழம்புல இரும்பு ஜாஸ்தி, சிலிக்காவும் அலுமினாவும் கம்மி, அதனால அது கார் இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி, இன்னைக்கு ஹவாய்ல வர்ற குழம்போட ஒப்பிட்டா பல மடங்கு தண்ணி. ஈர்ப்பு விசை ஆறுல ஒரு பங்குதான், அதனால ஓடுற வேகம் கொறையும்தான், ஆனா ஆழத்துல இருந்து பெரிய வெடிப்பு வழியா வந்த அளவு அவ்வளவு அதிகம், அந்தக் கனத்துலயே அது கலங்கும். 1973லயே ஹல்ம்ங்கிற ஆய்வாளர் இந்தக் கணக்கப் போட்டுக் காட்டிட்டார். எல்லா ரில்லும் இப்படி உருக்கித்தான் வந்துச்சா, இல்ல சிலதுல பொடி மண்ண தள்ளிட்டும் போச்சா, ரெண்டும் கலந்து நடந்துச்சான்னு இன்னமும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, ரெண்டும் நடந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

சில எடத்துல குழம்பாறு மேல பாலாடை படிஞ்ச மாதிரி மேல்தோல் இறுகி கூரை ஆயிடும், உள்ள குழம்பு ஓடி வடிஞ்சதும் சுரங்கம் மிச்சம். பூமிலயும் ஹவாய், ஐஸ்லாந்துன்னு இது நிறைய இருக்கு. நிலாவுல ஈர்ப்பு கம்மிங்கிறதால இத விட பல மடங்கு அகலமான கூரையும் விழாம நிக்கும். 2009ல ஜப்பானோட ககுயா விண்கலம் மேரியஸ் குன்றுகள்ல ஒரு ரில் நடுவுல 60 மீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டையக் கண்டுபுடிச்சுச்சு, கூரை இடிஞ்சு விழுந்த எடம் போல. இதுல என்ன மனச உலுக்குதுன்னா, அப்போலோ 15 எங்க எறங்கலாம்னு பேசுனப்ப ஹேட்லியோட போட்டில இருந்த எடமே அந்த மேரியஸ் குன்றுகள்தான்! அடுத்தடுத்த பயணத்துல போயிருக்கலாம், ஆனா காசு இல்லன்னு கடைசி அப்போலோ பயணங்கள ரத்து பண்ணிட்டாங்க, அந்த ஓட்டைய மேல இருந்து பாக்கவே நாம இன்னும் 38 வருஷம் காத்திருந்தோம்.

காசு பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். நம்ம சந்திரயான்-1க்கு ஆன செலவு 386 கோடி, பத்து மாசம்தான் வேல செஞ்சுச்சு, அதுல இருந்த 5 மீட்டர் துல்லிய கேமரா எடுத்த முப்பரிமாணப் படத்த வச்சு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மைய ஆளுங்க 2011ல நிலாவுல புயல் பெருங்கடல்னு பேர் வச்ச கறுப்புத் திட்டுல இடியாத ஒரு குழம்புச் சுரங்கம் இருக்குன்னு காட்டுனாங்க, 1.7 கிலோமீட்டர் நீளம். விண்கலம் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு. அமைதிக் கடல்ங்கிற இன்னொரு கறுப்புத் திட்டுலயும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கு, அதுக்கு அடில குகை இருக்குன்னு 2024ல இத்தாலி ட்ரென்டோ பல்கலைக்கழகத்து ஆளுங்க சொன்னதும் 2010ல எடுத்த ரேடார் தகவல திரும்ப அலசித்தான். அந்த ஓட்டையோட நிழல்ல எப்பவும் சுமார் 17 டிகிரியாம், வெளில பகல்ல 120 தாண்டும், ராத்திரி மைனஸ் 170. மனுஷன் நிலாவுல தங்கணும்னா அங்கதான் மொதல்ல பாப்பாங்க. பழைய தகவல பொறுமையா ஒக்காந்து பாக்குறதுக்கு ஆளும் சம்பளமும் குடுக்காம ராக்கெட்டுக்கு மட்டும் கைதட்டுறது எனக்கு வருத்தமா இருக்கு.

தம்பி, உன் போட்டோவுல படம் விரிச்ச மாதிரி இருக்குற பக்கம்தான் குழம்பு பொங்குன எடம், அங்கேருந்து கோட்டுப் பின்னாடியே கண்ண ஓட்டு, குழம்பு போன திசையிலயே நீயும் போவ. அடுத்து ஹேட்லியப் பாக்கணும்னா பெரிய டெலஸ்கோப் வச்சிருக்குற யாரையாச்சும் புடிச்சு வளர்பிறை அஷ்டமி இல்ல நவமி அன்னைக்குப் பாரு. வீட்ல அந்த ரெண்டு நாளும் எதையும் தொடங்கக் கூடாதும்பாங்க, எங்க வீட்லயும் சொல்லுவாங்க, எனக்கு அதுல துளி நம்பிக்கையும் இல்ல. அன்னைக்குத்தான் ஹேட்லி இருக்குற அப்பினைன் மலைப் பக்கம் சூரியன் உதிச்சு கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், வெயில் சாய்வா விழும், மலையோட நிழல் நீளமா கெடக்கும், அந்த மலை அடிவாரத்துல தலைமுடி கணக்கா ஒரு கோடு நெளிஞ்சு போகும் பாரு.