அரை கிலோ துவரம்பருப்பும் ஒரு கைக்கருவியும்

ஆப்பில் துவரம்பருப்பு 'உள்ளது' என்று காட்டுகிறது. ஆர்டர் போட்டுப் பணமும் கட்டியாகிவிட்டது. சற்று நேரத்தில், 'அந்தப் பொருள் கிடைக்கவில்லை, பணம் திரும்ப வரும்' என்று ஒரு குறுஞ்செய்தி. இதற்குத் திட்டு வாங்குபவர் வாசலுக்கு வரும் டெலிவரி ஊழியர். அவருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல நேரம் தவறு நடந்து முடிந்திருப்பது கடைக்குள்ளே, ரேக்குகளுக்கு நடுவே நிற்கும் ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்யும் கைக்கருவிக்கும் எங்கோ இருக்கும் சர்வர் என்ற மையக் கணினிக்கும் இடையில்.

கடையின் கணினிக்குக் கண் கிடையாது. ரேக்கில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்பதை அது பார்த்துச் சொல்வதில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறது. லாரியில் இறங்கியது 40, பில் போட்டது 31, எலி கடித்தும் கிழிந்தும் கழித்தது 2, ஆக மீதி 7. இந்த வரவு செலவு ஒவ்வொன்றையும் அதற்குச் சொல்வது யாரோ ஒருவர் அழுத்திய ஸ்கேன். ஒரு ஸ்கேன் விட்டுப்போனாலும், தாமதமாக வந்தாலும், இருமுறை வந்தாலும் அந்த 7 பொய்யாகிவிடும். அதனால்தான் ஸ்கேன் செய்யும் கருவிகளைச் சீராக வைத்திருப்பதை வெறும் கம்ப்யூட்டர் பராமரிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆர்டர் நிர்வாகத்தில் பாதி அதுதான்.

ஆர்டர் விழுந்ததும், எந்தக் கிளையில் எல்லாப் பொருளும் இருக்கிறது, எது வாடிக்கையாளர் வீட்டுக்குப் பக்கம், எங்கே வேலை நெருக்கடி குறைவு என்று பார்த்து சர்வர் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கும். உடனே அந்த 7-இல் ஒன்றை உங்கள் பெயரில் ஒதுக்கிவிடும். அடுத்து ஆப்பைத் திறப்பவருக்கு விற்பனைக்கு உள்ளது 6 தான். பிறகு, பொருளை எடுத்துச் சேர்க்கும் ஊழியரின் கருவிக்கு வேலை போகும். பிக்கர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் திரையில் வரும் பட்டியல் நீங்கள் ஆர்டர் போட்ட வரிசையில் இருக்காது. நடை குறையும்படி ரேக் எண் வரிசையில் இருக்கும், ஐஸ்கிரீம் கடைசியில் வரும்.

அவர் பாக்கெட்டை எடுத்து பார்கோடை ஸ்கேன் செய்கிறார். அந்த 'பீப்' சத்தம் வருவதற்குள் கருவி ஒரு சின்னக் கணக்கை முடித்துவிடுகிறது. பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இந்தியாவில் வழங்கும் எண்கள் 890 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். கடைசி இலக்கத்துக்கு ஒரே வேலைதான்: முந்தைய 12 இலக்கமும் சரியாகப் படிக்கப்பட்டதா என்று காவல் பார்ப்பது. உதாரணத்துக்கு முதல் 12 இலக்கம் 890123456789 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள 8, 0, 2, 4, 6, 8 கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 3, 5, 7, 9 கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை என்பதால் 13-ஆவது இலக்கம் 0. கசங்கிய பாக்கெட்டில் 6-ஐ 0 என்று ஸ்கேனர் தவறாகப் படித்தால் மொத்தம் 124 ஆகிவிடும். அப்போது கடைசி இலக்கம் 6 ஆக இருக்க வேண்டும். இருப்பதோ 0. பீப் வராது. ஒரே ஒரு இலக்கம் எங்கே மாறினாலும் இந்தக் காவல் பிடித்துவிடும். கையால் டைப் அடிக்கும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் ஒரு ஓட்டை உண்டு: இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 என்றால், உதாரணமாக 2-உம் 7-உம் மாறினால், தப்பிவிடும்.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டிராய் நகரில், மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டின் கவுன்டரில் ஒரு ரிக்ளி சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கியது இந்தப் பழக்கம். அன்று அதன் நோக்கம் பில் வேகமாகப் போடுவது. இன்று பிக்கர் கையில் அதே ஸ்கேன் வேறொரு வேலையும் செய்கிறது. அரை கிலோ பாக்கெட்டுக்கு ஒரு எண், ஒரு கிலோவுக்கு வேறு எண். ஆர்டரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் கருவி அடுத்த வரிக்குப் போகவே விடாது. அவசரத்தில் கண் ஏமாறும் இடம் இது. பெட்டியில் தவறான பொருள் போவதை இங்கேதான் தடுக்க முடியும்.

தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கடைக்கே வந்த ஒருவர் கடைசி பாக்கெட்டை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, இன்னும் பில் போடாமல் சோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் ரேக்கில்தான் இருக்கிறது. அதனால் பல கடைகள் கடைசி இரண்டு மூன்று எண்ணிக்கையை ஆன்லைனில் காட்டாமல் மறைத்து வைக்கின்றன. மறைத்தால் விற்பனை போகும், மறைக்காவிட்டால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போகும். ஸ்கேன்கள் எவ்வளவு உடனுக்குடன் வந்து சேர்கின்றனவோ அவ்வளவு குறைவாக மறைத்தால் போதும்.

ஸ்கேன் வந்து சேரும் பாதை

உடனுக்குடன் வருவதற்கு முதல் தடை வைஃபை. காலிக் கடையில் சிக்னல் பார்த்து, வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகளான ஆக்சஸ் பாயின்டுகளை மாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு சரக்கு வந்து நிரம்பும். இரும்பு ரேக்குகள் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் கேன், குளிர்பான பாட்டில், எண்ணெய் டின் நிறைந்த வரிசைகள் அதை விழுங்கும். ஃப்ரீசர் அறையின் உலோகச் சுவர் கிட்டத்தட்ட முழுதாக மறைத்துவிடும். சிக்னல் சரியாக இருக்கிறதா என்று சரக்கு நிரம்பிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. நடந்துகொண்டே இருக்கும்போது எந்த ஆக்சஸ் பாயின்டுக்கு மாறுவது என்பதை முடிவு செய்வது கைக்கருவி, கூரையில் இருக்கும் பெட்டி அல்ல. சில கருவிகளுக்குப் பிடிவாதம் அதிகம். நுழைவாயிலில் பிடித்த சிக்னலைக் கடையின் பின்கோடி வரை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி சிக்னலில் தள்ளாடும். பக்கத்திலேயே முழு சிக்னல் இருந்தும் மாறாது. மாறும்போது பாதுகாப்புச் சாவிகளைப் புதிதாகப் பேசி முடிக்க நேரம் ஆகும். அதைச் சுருக்கவே 2008-இல் 802.11ஆர் என்ற தரநிலை வந்தது. கடைக்கென்றே செய்த கருவிகளில், எவ்வளவு சிக்னல் குறைந்தால் மாற வேண்டும் என்ற அளவைத் தொலைவிலிருந்தே எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் மாற்றலாம். கருவி நிர்வாகத்தின் பயன் இது போன்ற சின்ன விஷயங்களில்தான் கண்கூடாகத் தெரியும்.

சிக்னல் அறுந்தால் நல்ல ஆப் ஸ்கேனைத் தன்னிடமே வரிசையில் வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்பும். கேட்பதற்கு எளிது. ஆனால் அனுப்பிய பிறகு, சர்வரின் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால்? போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் கருவி மறுபடி அனுப்பும். சர்வர் இரண்டையும் கழித்தால் ரேக்கில் இருக்கும் ஒரு பாக்கெட் கணக்கில் காணாமல் போய்விடும். இதற்காக ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி அடையாள எண் கொடுப்பார்கள். அதே எண் மறுபடி வந்தால் 'தெரியும்' என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு சர்வர் சும்மா இருக்கும்.

அடுத்தது கடிகாரம். பேட்டரி முற்றிலும் இறங்கிப்போன கருவி சில சமயம் ஏதோ ஒரு பழைய தேதியோடு எழுந்திருக்கும். அப்போது அது, 'உண்மையான சர்வர் நான்தான்' என்று காட்ட சர்வர் நீட்டும் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து, 'இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை' என்று நினைத்துப் பேச மறுக்கும். ஊழியருக்குத் தெரிவது 'நெட் வேலை செய்யல' என்பது மட்டும். அவர் வைஃபையை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். நேரம் தானாகத்தான் அமைய வேண்டும், யாரும் கையால் மாற்றக் கூடாது என்ற ஒரு விதியை எல்லாக் கருவிக்கும் போட்டுவைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

தொலைவிலிருந்து ஆட்சி

இந்த விதியை யார், எப்படிப் போடுவது? பத்துக் கிளை, கிளைக்கு இருபது கருவி என்றால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அமைக்க முடியாது. எல்லாவற்றையும் தொலைவிலிருந்தே அமைக்க உதவும் மென்பொருளை மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக எம்டிஎம் என்கிறார்கள்.

கடைகளில் முன்பு விண்டோஸின் கைக்கருவிப் பதிப்பே பரவலாக இருந்தது. விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. அந்தக் காலகட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஆண்ட்ராய்டுக்கு மாறினார்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-இலேயே, ஒரு கருவியை முழுதாக நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வைக்கும் வசதி வந்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கருவி புதிதாக இருக்க வேண்டும், அல்லது முழுதாக அழித்துப் புதிதாக்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தும் போனை நிறுவனம் பின்வாசல் வழியாகக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடுப்பு அது.

செய்யும் முறை சுவாரசியமானது. பெட்டியைப் பிரித்து, முதன்முதல் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்ட வேண்டும். கேமரா திறக்கும். நிறுவனம் தயாரித்து வைத்திருக்கும் க்யூஆர் கோடைக் காட்டினால், எந்த வைஃபை, எந்த நிர்வாக ஆப் என்ற விவரமெல்லாம் அதிலிருந்தே போய்விடும். மீதியைக் கருவி தானே இறக்கி நிறுவிக்கொள்ளும். அதற்குப் பிறகு திரையில் நிர்வாகம் அனுமதித்த ஆப்கள் மட்டும்தான் இருக்கும். யூடியூபும் இல்லை, செட்டிங்ஸும் இல்லை. ஊழியர்களை நம்பாததால் செய்வது என்று இதை நினைக்க வேண்டாம். யாரோ தெரியாமல் ஏரோபிளேன் மோடைத் தட்டிவிட்டால் ஒரு மணி நேர ஸ்கேன்கள் தேங்கிப்போகும், அந்த ஒரு மணி நேரமும் ஆப்பில் காட்டும் இருப்பு தவறாக இருக்கும்.

கட்டளை எப்படிப் போகிறது என்பதிலும் ஒரு நயம் உண்டு. ஆப்பிள் கருவிகளில் நிர்வாக சர்வர் கட்டளையை நேராக அனுப்புவதில்லை. ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாக 'என்னை வந்து பார்' என்ற ஒரு தட்டல் மட்டும் போகும். கருவி தானே சர்வரைத் தொடர்புகொண்டு, தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இடையில் இருக்கும் ஆப்பிளுக்குக் கட்டளை என்னவென்றே தெரியாது.

அளவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வால்மார்ட் ஓர் உதாரணம். 2021-இல் அமெரிக்காவில் 7,40,000 ஊழியர்களுக்கு சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர் ப்ரோ போன் தருவதாக அறிவித்தது. வேலை நேரம் முடிந்த பிறகு அதைச் சொந்த போனாகவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சில வேலை வசதிகள் பணி நேரத்தில் மட்டுமே இயங்கும் என்று ஏற்பாடு. ஒரே கருவிக்குள் கடையின் பகுதியையும் ஆளின் பகுதியையும் பிரித்து வைக்கத் தெரிந்தால்தான் இது சாத்தியம்.

எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போகிறது என்றால், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கெடுக்கவும் முடியும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஏராளமான கணினிகளை ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கடைக் கருவிகளுக்கும் பாடம் அதேதான். முதலில் ஒரு கிளையில் நாலைந்து கருவிக்கு அப்டேட் போட்டு, இரண்டு நாள் பார்த்து, பிறகே மற்றவற்றுக்கு. பண்டிகைக் காலத்தில் எதுவுமே மாறக் கூடாது. ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: அதிகபட்சம் 90 நாள் வரை சிஸ்டம் அப்டேட்டுகளை உறைய வைக்கலாம். முடிந்ததும் குறைந்தது 60 நாள் இடைவெளி விட்டால்தான் அடுத்த உறைவு போட முடியும், பாதுகாப்புத் திருத்தங்கள் என்றென்றைக்கும் தள்ளிப்போகக் கூடாது என்பதற்காக. தீபாவளியையும் பொங்கலையும் ஒரே உறைவுக்குள் அடக்கப் பார்ப்பவர்கள், நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதுதான். தீபாவளி அக்டோபர் மத்தியில் வரும் ஆண்டுகளில் 90 நாள் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும்.

பேட்டரி, ஆள், தொலைந்த கருவி

இத்தனை நுட்பமும் சார்ஜ் இல்லாத கருவியிடம் செல்லாது. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே கொள்ளளவை இழக்கத் தொடங்கும், வெப்பம் இருந்தால் இன்னும் சீக்கிரம். கடையின் பின்பக்கம், காற்றோட்டம் இல்லாத மூலையில், 100 சதவீதத்தில் நாள் முழுக்கச் சொருகியே கிடப்பது அதற்கு ஆகவே ஆகாது. காலை ஷிஃப்டில் முழுதாக இருந்த கருவி மாலை நெரிசலில் அணைவது இப்படித்தான். பேட்டரி எத்தனை சுற்று ஓடியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நிர்வாக சர்வர் பார்த்துக்கொண்டே இருக்கும். அணையும் வரை காத்திராமல் முன்பே மாற்றிவிடுவது செலவில் பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் பல கடைகளில் இதுதான் கடைசியாகக் கவனிக்கப்படுகிறது.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேரம் பதிவாகிறது என்பதால், ஒரு பிக்கர் மணிக்கு எத்தனை பொருள் எடுத்தார் என்பதும் பதிவாகிறது. ஸ்டாக் சரியாக இருக்க வேண்டும் என்று சேர்த்த தகவல், ஆளை விரட்டும் தகவலாக மாறுவது மிக எளிது. விரட்டினால் நடப்பது என்ன? தேடிப் பார்க்க நேரமில்லாமல் 'பொருள் இல்லை' என்ற பட்டனை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பருப்பு இரண்டு அடி தள்ளி இருக்கும், ஆப்பில் பூஜ்யம் காட்டும். வேகத்தை மட்டும் அளக்கும் நிர்வாகம் தன் ஸ்டாக் கணக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்பது என் கருத்து.

கருவி தொலைந்துபோனால் பூட்டலாம், இடத்தைத் தேடலாம், உள்ளே இருப்பதை முழுதாக அழிக்கலாம். பலர் பதற்றத்தில் நேராக அழித்துவிடுகிறார்கள். சர்வருக்கு வந்து சேராத ஸ்கேன்கள் அதற்குள் வரிசையில் இருந்தால் அவையும் சேர்ந்தே அழியும், அந்த ரேக்குகளை மறுபடி எண்ணாமல் ஸ்டாக் நேராகாது. எனவே முதலில் பூட்டு. பிறகு அந்தக் கருவியிடமிருந்து கடைசியாக எத்தனை மணிக்கு ஸ்கேன் வந்தது, அதற்குப் பிறகு அதன் பெயரில் எந்த ஆர்டர்கள் நிலுவையில் இருந்தன என்று பார். அவற்றை வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, அழிக்கும் கட்டளையைக் கடைசியாகக் கொடு.