கறுப்புத் திரையிடம் கேட்ட கேள்வி

டீச்சரை என்னிடம் அனுப்பியது ஓர் இதய மருத்துவர். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று போனவருக்கு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு, ஒருவாட்டி கவுன்சலிங் போயிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். டீச்சருக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சாவு வீட்டில் அவர் அழவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பந்தலில் நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"அழுகை வராம இல்லம்மா. வருது. தொண்டை வரைக்கும் வந்து நின்னுடுது."

அவருடைய அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதக் காரணம் இருக்கிறது. உள்மனக் குழந்தை, சக்ரா ஹீலிங், பார்ட்ஸ் தெரபி என்று எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து விற்கும் விளம்பரங்கள் இப்போது என்னிடம் வருகிறவர்களின் போனில் நாளுக்கு நான்கு வந்து விழுகின்றன. "மேடம், இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்கிறார்கள். ஆன்மிகக் குறியீடும் உளச்சிகிச்சையும் சேர்ந்து நல்லது செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே சேர்க்கை ஒருவரை நோகடித்ததையும் பார்த்திருக்கிறேன். நோகடித்தது நான்தான். அதையும் சொல்கிறேன்.

முதலில் பார்ட்ஸ் தெரபி என்கிற இந்தப் 'பகுதி' விஷயம். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் 1980களில் உருவாக்கிய முறை இது. பெயர் இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஐஎஃப்எஸ். நம்மூரில் ஐஎஃப்எஸ் என்றால் வனத்துறை அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருவார், அது வேறு. உணவுக் கோளாறு உள்ளவர்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, "எனக்குள் ஒரு பகுதி சாப்பிடச் சொல்கிறது, இன்னொரு பகுதி என்னைத் திட்டுகிறது" என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதை ஷ்வார்ட்ஸ் கவனித்தார். வீட்டில் மாமியார், மருமகள், மகன் சண்டையை எப்படி விசாரிப்பாரோ அப்படியே உள்ளே நடக்கும் சண்டையையும் விசாரித்தால் என்ன என்று தோன்றியது. இந்த முறையை விரிவாக விளக்கும் அவருடைய நூல் 1995இல் வந்தது. அவருக்கு வெகுமுன்பே இத்தாலியில் அசாஜியோலியும் சுவிட்சர்லாந்தில் யுங்கும் மனத்தின் உள்ளே பல பேர் இருப்பது போன்ற இந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். "ஒரு மனசு போங்குது, ஒரு மனசு வேண்டாங்குது" என்று தினமும் சொல்கிறோம். திருக்குறளில் நெஞ்சோடு பேசுவதற்கு ஓர் அதிகாரம், நெஞ்சோடு ஊடுவதற்கு இன்னோர் அதிகாரம். தன் நெஞ்சிடமே கோபித்துக்கொள்ளலாம் என்பது நம் மொழிக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

ஷ்வார்ட்ஸ் கூடுதலாகச் செய்தது, இந்தப் பகுதிகளுக்கு வேலைப் பிரிவினை கண்டது. சில பகுதிகள் மேனேஜர்கள். எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று முன்கூட்டியே ஓடியாடி ஏற்பாடு செய்கிறவை. சில, தீயணைப்பு வீரர்கள். வலி பற்றிக்கொண்ட பிறகு, குடித்தோ, தின்றோ, போனைத் தேய்த்தோ எப்படியாவது அணைக்கப் பார்க்கிறவை. இந்த இரண்டு கூட்டமும் காவல் காப்பது மூன்றாவது கூட்டத்தை: சின்ன வயதில் பட்ட அடியோடு உள்ளே பூட்டிவைக்கப்பட்ட பிஞ்சுப் பகுதிகளை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் எந்தக் காயமும் படாத ஒரு நான் இருக்கிறது என்பது இந்த முறையின் அடித்தளம். அமைதியும் கனிவும் தெளிவும் அதன் இயல்பு. அதைப் புதிதாக வளர்க்க வேண்டியதில்லை, மற்றவை கொஞ்சம் ஒதுங்கினால் போதும் என்கிறார்கள்.

சைவமோ சித்தர் பாட்டோ காதில் விழுந்து வளர்ந்த ஒருவரிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார். அங்கேதான் வசதியும் ஆபத்தும் சேர்ந்தே தொடங்குகின்றன.

டீச்சருடன் மூன்றாவது செஷன். கண்ணை மூடச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் பயம் அதிகமாகும் ஆட்களும் உண்டு. மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி, தொண்டையில் நிற்கும் அந்த அடைப்பை மட்டும் கொஞ்ச நேரம் கவனிக்கச் சொன்னேன். 

"எப்படி இருக்கு டீச்சர்?"

"கல்லுன்னு சொல்ல முடியாது. துணி மாதிரி. ஒரு திரை கட்டினாப்ல இருக்கும்மா."

"நிறம் ஏதாவது தெரியுதா?"

"கறுப்பு." கொஞ்சம் நிறுத்தி, அவரே சிரித்தார். "வடலூர்ல கட்டியிருப்பாங்களே, அது மாதிரி."

டீச்சரின் அப்பா வள்ளலாரின் சன்மார்க்கத்தில் பற்றுள்ளவராம். மாதப் பூசத்துக்கு டீச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். நான் வடலூர் பேச்சை எடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: வள்ளலார் வடலூரில் எண்கோண வடிவில் கட்டிய சத்திய ஞான சபை 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று தொடங்கியது. உள்ளே ஒளியை மறைத்து ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கடைசியாகக் கலப்பு நிறம். மாதப் பூசத்தில் ஆறு திரைகளை மட்டும் விலக்குவார்கள். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது திரைகளுக்கு இருக்கும் பெயர்கள். கறுப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, சிவப்பு இச்சா சக்தி, கலப்பு சிற்சக்தி என்று ஒவ்வொன்றும் ஒரு சக்தி. மறைக்கிற துணிக்குக்கூட அழுக்கு என்று பெயர் வைக்கவில்லை. வள்ளலார் உளவியல் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்னது அவருடைய பெரிய விஷயம். ஆனால் காவல் பகுதிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஐஎஃப்எஸ் பயிற்சியில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை, அந்த ஏழு பெயர்கள் ஒரு மூச்சில் சொல்லிவிடுகின்றன.

டீச்சரிடம் திரும்புகிறேன். "அந்தத் திரை மேல உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். இந்தச் சிகிச்சையில் சாவி இந்தக் கேள்விதான். "எரிச்சலா இருக்கு, கிழிச்சுப் போடணும்" என்றால், பேசுவது இன்னொரு பகுதி என்று அர்த்தம்; அதை முதலில் சமாதானப்படுத்த வேண்டும். டீச்சர் அப்படித்தான் சொன்னார். எரிச்சல் கொஞ்சம் இறங்கிய பிறகு, "பாவம், ரொம்ப நாளா நிக்குது போல" என்றார். சரி, இப்போது கேட்கலாம் என்று தோன்றியது.

"அதுகிட்டயே கேளுங்களேன். விலகினா என்ன ஆகிடும்னு பயப்படுது?"

நீண்ட நேரம் பதில் இல்லை. மின்விசிறி சத்தம் மட்டும். அப்புறம் சொன்னார், அவர் குரலே மாறியிருந்தது: "நான் விலகினா இவ அழுதுடுவா. இவ அழுதா தம்பி தங்கச்சி அழும்."

பதினொரு வயதில் அம்மா இறந்திருக்கிறார். மூத்த பெண். அன்று சாயங்காலம் யாரோ ஓர் உறவுக்காரப் பாட்டி, "நீ அழுதா சின்னதுங்க பயந்துடும், போய் உலை வை" என்றிருக்கிறார். டீச்சர் போய் உலை வைத்தார். அம்பது வருஷம் கழித்து, கணவர் போன அன்று நாற்காலி எண்ணியதும் அந்தத் திரைதான்.

இப்போது நான் சறுக்கிய கதை. இது டீச்சருக்குச் சில வருடங்களுக்கு முன்பு. கோபம் தாங்க முடியவில்லை என்று வந்த ஓர் இளைஞர். வீட்டில் தினமும் தேவாரம் ஓதுகிற குடும்பம். ஆஹா, நல்ல வாய்ப்பு என்று நானே முந்திக்கொண்டு, உயிரைப் பிடித்திருக்கும் மூன்று அழுக்குகள் என்று சைவம் சொல்லும் மும்மலத்தை இழுத்தேன். ஆணவம், கன்மம், மாயை என்று போர்டில் மூன்று வட்டம் போட்டு, காவல் பகுதிகளை அதில் பொருத்திக் காட்டினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அவர் கேட்டது வேறு: "அப்போ என் கோபம் ஆணவ மலமா மேடம்?" அவருடைய அப்பா சின்ன வயதில் பெல்ட்டால் அடிக்கும்போதெல்லாம் சொன்ன வார்த்தையாம் அது, "உன் ஆணவத்தை அடக்குறேன் பாரு" என்று. அந்த அடியிலிருந்து அவரைக் காப்பாற்றிய ஒரே பகுதி கோபம். அதைத்தான் நான் மலம் என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மும்மலத் தத்துவத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு தத்துவம் அதன் இடத்தில் ஆழமாக இருக்கலாம். அடிபட்டவரின் வாழ்க்கையில் அந்தச் சொல் எந்தக் கையில் இருந்து வந்தது என்று கேட்காமல் எடுத்தது என் தப்பு. அன்றிலிருந்து குறியீட்டை நானாகக் கொண்டுபோவதில்லை. வருகிறவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்கிறேன். சிலருக்கு அது அய்யனார், சிலருக்கு வேளாங்கண்ணி மாதா. ஒருவருக்கு அவர் ஊர் டவுன் பஸ் டிரைவர். வராமலே போனாலும் சிகிச்சை நடக்கும்.

வாரக்கடைசி வகுப்புகளில் நான் பயப்படுவது இதைத்தான். மண்டபத்தில் ஐம்பது பேரை உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே ஒளி, ஒரே தாமரை, "உங்கள் பயத்தை இப்போது எரித்துவிடுங்கள்" என்று மைக்கில் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் பயமும் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்காவலாளியை இரவில் விரட்டிவிட்டு வாசலைத் திறந்துபோட்டது போலத்தான். அன்று சாயங்காலம் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை தூக்கம் வராமல் என்னிடம் வருகிறார்கள்.

இன்னொன்று, இல்லாத நினைவை உண்டாக்கிவிடும் ஆபத்து. "உள்ளே இருக்கும் குழந்தைக்கு யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள், நன்றாகப் பாருங்கள்" என்று சிகிச்சையாளர் தூண்டினால், மனம் ஒரு காட்சியைத் தயாரித்துக் கொடுத்துவிடும். நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. என்ன நடந்தது என்று துப்பறிவது என் வேலை இல்லை. இன்று அந்தப் பகுதிக்கு என்ன தேவை என்பதோடு நிற்கிறேன்.

'எனக்குள் ஒரு பகுதி பேசுகிறது' என்பதும் 'காதில் குரல் கேட்கிறது' என்பதும் ஒன்றல்ல. ஆள் இல்லாத இடத்தில் பேச்சுக் கேட்டால், யாரோ சதி செய்கிறார்கள் என்ற உறுதி வந்தால், நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகம் பொங்கினால், முதலில் மனநல மருத்துவர். சாமி, குறியீடு, பகுதி எல்லாம் அப்புறம். தற்கொலை எண்ணம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நெஞ்சுவலிக்கும் டீச்சர் போன வழியே சரி, முதலில் ஈசிஜி. யாரிடம் போகிறீர்களோ அவரிடம் பதிவு எண் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டதற்குக் கோபப்பட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் கொஞ்சம்தான். முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) உள்ள 79 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. ஒன்பது மாதம் ஐஎஃப்எஸ் பெற்றவர்களுக்கு வலியும் மனச்சோர்வும் ஓரளவு குறைந்திருந்தது. சின்ன ஆய்வு. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொல்வது நானாக இருந்தாலும்.

டீச்சர் விஷயத்தில் கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. பூட்டிவைத்த குழந்தை சுமந்துகொண்டிருப்பதை இறக்கிவைக்கும் கட்டம் அது. வழக்கமாக, அதை நெருப்பில் போடலாமா, ஆற்றில் விடலாமா, மண்ணில் புதைக்கலாமா, காற்றில் ஊதிவிடலாமா, ஒளியில் கரைக்கலாமா என்று அந்தக் குழந்தையிடமே கேட்போம். இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஐம்பூதம்தான் ஞாபகம் வரும்.

டீச்சர் என்ன சொல்வார் என்று நான் மனசுக்குள் முடிவே செய்திருந்தேன். இவ்வளவு தூரம் வடலூர் வந்தாயிற்று, ஜோதிதான் என்று. அவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

"இல்லம்மா. அவ ஜோதி எல்லாம் கேக்கல. தருமசாலைக்குப் போகணும்ங்கறா."

பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்று சொல்லும் அதே சாலை. நான் வாயைத் திறக்கவில்லை.

"அங்க வேற யாரோ சமைப்பாங்கல்ல. இவ வரிசையில உட்காந்து சாப்பிட்டா போதுமாம்."

அப்போதுதான் அழுதார். பெரிய சத்தம் எல்லாம் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம். நான் டம்ளரில் தண்ணீர் மாற்றி வைத்தேன்.

நெஞ்சடைப்பு ஒரேயடியாக நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது. கணவரின் சட்டைகளை எடுத்துக் கொடுத்த வாரம் மறுபடி வந்தது, போயிற்று. போன மாதம் பூசத்துக்கு மகளோடு வடலூர் போய்வந்ததாகச் சொன்னார். தருமசாலையில் கீழே உட்கார முடியவில்லையாம், முட்டிவலி. பெஞ்சு போட்டுக் கொடுத்தார்களாம். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

"ஜோதி தரிசனம் பாத்தீங்களா டீச்சர்?"

"கூட்டம்மா. நிக்க முடியல, வந்துட்டேன். எப்படியும் அன்னிக்கு ஆறு திரைதானே எடுப்பாங்க. தையில பாத்துக்கலாம்."