லேஅவுட் ரோட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு: ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணம் போடும் முன்

சூலூர், அன்னூர், பல்லடம், அவிநாசி சுற்றுவட்டார ஊராட்சிகளில், லேஅவுட் எனப்படும் மனைப்பிரிவுகளில் சைட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: வீட்டு வரி ஒழுங்காகக் கட்டுகிறோம், ரோடு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

வீட்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலான ஊராட்சிகளால் ரோடு போட முடியாது. மேலே இருந்து வரும் பணத்திலும் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே செலவு எழுதப்பட்டிருக்கும். 2021 முதல் 2026 வரையிலான மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டி வைக்கப்பட்டது. தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில், தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ரோடு. அதற்கும் ஊருக்குள் இருக்கும் பழைய தெருக்கள் முன்வரிசையில் நிற்கின்றன. நேற்று முளைத்த லேஅவுட் கடைசியில்.

அந்த வரிசையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த அரசே வைத்திருக்கும் வழிதான் ‘நமக்கு நாமே’ திட்டம். வேலைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதி இரண்டு பங்கை அரசு போடும். 1997-98-இல் தொடங்கியது, நடுவே நின்று, 2007-08-இல் திரும்ப வந்தது. 2011-க்குப் பிறகு ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆனது; 2021-இல் மறுபடி பழைய பெயர். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறியது, மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு மாறவில்லை. அதனால் ஆபீஸில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, “பொதுமக்கள் பங்களிப்புத் திட்டம்” என்று கேட்பது நல்லது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருவுக்கு கான்கிரீட் ரோடு போட 12 லட்சம் ரூபாய் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பங்கு 4 லட்சம். நாற்பது வீடு இருந்தால் வீட்டுக்குப் பத்தாயிரம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் பகுதி என்றால் ஊரகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம். இந்தச் சலுகை பல காலனிகளில் யாருக்கும் தெரிவதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் குளம் குட்டையைச் சீரமைப்பது போன்ற நீர்நிலை வேலைகளுக்குப் பாதிப் பணம் மக்கள் தரப்பிலிருந்து வரவேண்டும்.

ரோடு மட்டுமல்ல, அரசுப் பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி, நூலகம், பூங்கா, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் வேலை எல்லாம் இதில் வரும். கோயில், மசூதி, சர்ச் என்று வழிபாட்டு இடங்களுக்குக் கிடையாது. தனியார் நிலத்திலும் செய்யமாட்டார்கள்.

இந்த ‘தனியார் நிலம்’ என்பதில்தான் பாதி மனுக்கள் மாட்டிக்கொள்கின்றன. லேஅவுட்டுக்குள் நாம் தினமும் நடக்கும் ரோடு, ஊராட்சியின் பெயரில் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால்தான் அது பொது ரோடு. அங்கீகாரம் பெற்ற லேஅவுட் என்றால் அங்கீகாரம் வாங்கும்போதே புரமோட்டர் ரோட்டையும், பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட ரிசர்வ் சைட்டையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்து சதவீத இடத்தைப் பொது ஒதுக்கீடாக விட்டே ஆகவேண்டும். 3,000-இலிருந்து 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவில் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் விதியில் வழி உண்டு. அங்கீகாரம் இல்லாமல் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டு, பிறகு வரன்முறை செய்யப்பட்ட சைட்டுகளில் மனைக்குத்தான் உத்தரவு வந்திருக்கும். ரோடு இன்னும் பழைய பட்டாதாரர் பெயரிலேயே கிடக்கும். பணம் வசூலிப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, தானப்பத்திர நகல் ஒன்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அப்படியே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கீகார உத்தரவில் ரோடு போட்டுத் தரவேண்டிய பொறுப்பு புரமோட்டருடையது என்று இருக்கும். சைட் விற்கும் வரை ஜல்லி கொட்டி ஒரு கோட் தார் தெளித்துவிட்டுப் போனவர் செய்யாத வேலைக்கு, குடியிருப்பவர்கள் ஒரு பங்கும் அரசு இரண்டு பங்கும் கொடுப்பது என்ன நியாயம்? பத்து வருஷம் ஆகிப்போன லேஅவுட்டில் அவரைத் தேடிப் பயனில்லை, சரி. ஆனால் இன்னும் பாதி சைட் விற்காமல் கிடக்கிறதென்றால், முதலில் அவரைப் பிடிப்பதுதான் முறை.

மனு யாரிடம்? ஊராட்சிப் பகுதி என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, ஒன்றிய ஆபீஸில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வழியாகப் போகலாம். ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் பி.டி.ஓ.தான் ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலர். கொங்குப் பகுதியின் ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்த பிறகு அப்படித்தான் நடந்தது. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். கருமத்தம்பட்டி, காரமடை, மதுக்கரை, திருமுருகன்பூண்டி எல்லாம் 2021-இல் நகராட்சி ஆனவை, அங்கே ஆணையர். பழைய ஞாபகத்தில் ஒன்றிய ஆபீஸுக்குப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

மனுவுக்குப் பிறகு பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார். இந்த நாளில் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு பேராவது கூட நிற்க வேண்டும். ரோட்டுக்கு அடியில் குடிநீர்க் குழாய் பதித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் இணைப்புக்காக, போட்ட சில மாதத்திலேயே உடைக்கப்பட்ட கான்கிரீட் ரோடுகள் நம் பக்கம் எக்கச்சக்கம். எதிர்காலத்துக்கென்று வீட்டுக்கு வீடு குறுக்கே ஒரு காலிக் குழாய் போட்டு வைக்க எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அப்புறம் உயரம். புது ரோடு வீட்டு வாசலைவிட மேலே ஏறிவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணி ஹாலுக்குள் நிற்கும். மழைநீர் எந்தப் பக்கம் வடியும், சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்பது எஸ்டிமேட்டில் எழுத்தாக இருக்க வேண்டும், வாய்ப்பேச்சாக அல்ல.

எஸ்டிமேட் கையில் வந்த பிறகே பங்குத் தொகையை டி.டி. எடுத்துக் கட்டுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலும் இருந்தால் பின்னால் சண்டை வராது. நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை எல்லாம் அதற்கப்புறம்.

குடியிருப்புகளைவிடத் தொழில் நடக்கும் தெருக்களுக்கு இந்தத் திட்டம் இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடங்கள் இருக்கும் மண் ரோட்டில் பாவு ஏற்றிய வண்டி குழியில் இறங்கினால் நஷ்டம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அரசூர், நீலாம்பூர் பக்கத்து ஃபவுண்டரிகளுக்கும் பட்டறைகளுக்கும் இதே கதை. பத்து யூனிட்காரர்கள் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கென்ன, பாதியே போடலாம். ஊரகப் பகுதியில் பாதியோ அதற்கு மேலோ கொடுத்தால், வேலையைத் தாங்களே எடுத்துச் செய்ய அனுமதி கேட்கலாம்; பொறியாளர் மேற்பார்வை இருக்கும், தரம் நம் கண் முன்னால். பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் பங்கு தரலாம்.

பணம் கொடுத்ததால் ரோடு சங்கத்துச் சொத்து ஆகிவிடாது. கேட் போட்டு வாட்ச்மேனை உட்காரவைத்து “வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை” என்று போர்டு மாட்ட முடியாது. கொடுத்தது பொதுவுக்கு.

வேலை பாதியில் நின்றாலோ, எஸ்டிமேட்டில் ஒன்று தரையில் ஒன்று என்று இருந்தாலோ, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில், செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபையிலும் எழுப்பலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனு கொடுக்க நல்ல நேரம் ஏப்ரல், மே. மாவட்டத்துக்கு வரும் ஒதுக்கீடு நிதியாண்டுக் கணக்கில் ஓடுகிறது. பிப்ரவரியில் போய் நின்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள்.