புது ஆளின் குத்து ஏன் கண்ணில் படுவதில்லை?

காசிமேடு பக்கம் ஒரு பாக்ஸிங் பயிற்சிக் கூடம். தகரக் கூரை, இரண்டு மணல் மூட்டை, கயிறு தொய்ந்த ஒரு ரிங். போன மாதம் ஒரு காலையில் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாகப் பயிற்சி எடுக்கும் பையன் ஒருவன், சேர்ந்து சில மாதங்களே ஆன ஒல்லிப் பையனோடு மோதினான். முதல் ரவுண்டிலேயே சீனியர் மூக்கில் மூன்று குத்து. மூன்றும் ஒரே மாதிரிக் குத்து. மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் பீச்சாங்கைடா. கையப் பாக்காத, தோளப் பாரு."

அந்த ஒரு வரியில் பாதி நரம்பியல் அடங்கியிருக்கிறது.

1985-ல் பிரிட்டன் ஹெவிவெயிட் வீரர் பிராங்க் புரூனோவின் குத்தை ஆய்வகத்தில் அளந்தார்கள். இலக்கைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். கை கிளம்பி இலக்கைச் சேர ஆன நேரம் 0.1 நொடி. நம் கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, தசைக்கு உத்தரவு போய் உடம்பு அசைய ஏறக்குறைய 0.2 நொடி வேண்டும். கணக்கு உதைக்கிறதா? கை கிளம்பிய பிறகு பார்த்து விலகுவது நடக்காத காரியம். ஆனால் நல்ல பாக்ஸர்கள் விலகத்தான் செய்கிறார்கள்.

எப்படி என்றால், அவர்கள் குத்தைப் பார்ப்பதில்லை, குத்து வரப்போவதைப் படிக்கிறார்கள். வலது கை கிளம்புவதற்கு முன் பின்னங்கால் தரையை அழுத்தும், இடுப்பு திரும்பும், தோள் லேசாக இறங்கும். ஆயிரக்கணக்கான முறை இதைப் பார்த்த மூளை, தோள் அசைந்ததுமே மிச்சத்தை ஊகித்துவிடும். அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஊகம்தான். அதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது: பார்த்துப் பழகிய உடம்புகளை வைத்துச் செய்த ஊகம், பழகாத உடம்பிடம் பிசகும்.

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க பாக்ஸிங் ரிங்கே வேண்டாம், சேப்பாக்கம் போதும். 1988 ஜனவரியில் லெக் ஸ்பின் போடும் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டுகளை 136 ரன்னுக்குச் சாய்த்தார். ரிச்சர்ட்ஸ் இருந்த அணி அது. பிட்சும் நன்றாகவே உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மணிக்கட்டை அதற்கு முன் அவர்கள் படித்ததில்லை. மொத்தம் 17 டெஸ்ட் ஆடிய ஹிர்வானி எடுத்தது 66 விக்கெட். அதில் கால்வாசி அந்த ஒரே மேட்சில்!

இடது கைக்காரர்களின் சாதகமும் இதே ரகம். உலகில் சுமார் பத்தில் ஒருவர்தான் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் மற்றவர்களுக்கு அவர்களோடு மோதிய பழக்கம் குறைவு. அவர்கள் கையில் தனி பலம் எதுவும் இல்லை, அரிதாக இருப்பதே பலம். எல்லோரும் இடது கையாக மாறிவிட்டால் அந்தச் சாதகம் போய்விடும்.

சரி, தொழில்முறை பாக்ஸிங்குக்கு வருவோம். புதுசாக வருபவருக்கு முதலில் சுலபமான எதிரிகளைக் கொடுத்து ரெக்கார்டை வளர்ப்பதுதான் அங்கே வழக்கம். அதை மீறி 1978 பிப்ரவரியில், ஏழே பந்தயம் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்ஸ், லாஸ் வேகாஸில் முகமது அலியை 15 ரவுண்டு ஆடிப் புள்ளிகளில் வென்றார். அலிக்கு வயது 36, சரியாகத் தயாராகவும் இல்லை. கயிற்றில் சாய்ந்து எதிராளியை அடிக்க விட்டுக் களைப்பாக்கும் அலியின் பழைய வித்தை, 24 வயது ஸ்பிங்ஸிடம் பலிக்கவில்லை. இதை வெறும் பரிச்சயமின்மை என்று சொன்னால் நான் பொய் சொல்வதாகும். வயது ஏற ஏற அந்த 0.2 நொடியும் நீளும். ஊகமும் தவறி, கையும் தாமதமானால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது.

இன்னொன்று, இந்தப் 'புதியவர்கள்' பலர் காகிதத்தில்தான் புதியவர்கள். ஸ்பிங்ஸ் 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 1975-ல் மூன்றாவது பந்தயத்திலேயே உலகப் பட்டம் வென்ற தாய்லாந்தின் சென்சாக் முவாங்சுரின், அதற்கு முன்பே முவாய் தாய் என்ற தாய்லாந்துக் குத்து-உதைச் சண்டையில் பேர்போன வீரர். உக்ரைனின் லோமசென்கோ அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே தோல்வி. அவரும் இரண்டாவது தொழில்முறைப் பந்தயத்தில், எடை வரம்பைத் தாண்டி வந்த சலிடோ என்ற பழுத்த ஆளிடம் தோற்றார். மூன்று ரவுண்டு சுத்தமான ஆட்டத்துக்குப் பழகிய மூளைக்கு, கட்டிப்பிடித்து வயிற்றில் குத்தும் 12 ரவுண்டு புதுசு. அடுத்த பந்தயத்திலேயே, அதுவரை தோல்வியே அறியாத கேரி ரஸ்ஸலை வென்று பட்டம் வாங்கிவிட்டார். பரிச்சயமின்மை இரண்டு பக்கமும் வெட்டும்.

இந்தச் சாதகம் ரொம்ப நேரம் தாங்குவதும் இல்லை. 1957-ல் முதல் தொழில்முறைப் பந்தயமே உலகப் பட்டத்துக்கு என்று இறங்கிய பீட் ராடமாக்கர், இரண்டாவது ரவுண்டில் சாம்பியன் பிளாய்ட் பேட்டர்சனைக் கீழே தள்ளினார். அப்புறம் பேட்டர்சன் அவரைத் திரும்பத் திரும்பத் தள்ளி ஆறாவது ரவுண்டில் முடித்தார். 2023-ல் கலப்புச் சண்டைக்காரர் (எம்.எம்.ஏ.) பிரான்சிஸ் இங்கானு, பாக்ஸிங்கில் தன் முதல் பந்தயத்தின் மூன்றாவது ரவுண்டில் ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் பியூரியைக் கீழே சாய்த்தார். பத்து ரவுண்டு முடிவில் நடுவர்கள் பியூரிக்குத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு குத்தும் எதிராளியின் மூளைக்கு ஒரு பாடம்.

அலியும் படித்தார். ஏழே மாதத்தில் ஸ்பிங்ஸோடு மறுபந்தயம், பட்டம் திரும்ப அவரிடமே வந்தது. 1980-ல் அவர் மதராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் பந்தயம் ஆடியபோது எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். ஒரே ஊர்க்காரர், வருஷக்கணக்கில் அலியின் பயிற்சி ஜோடி. ஒருவர் தோள் இன்னொருவருக்கு மனப்பாடம்.